வெட்டுவதற்கென்று சொன்ன பெயர்

நேரில் அண்ணே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் அரைவிலை.

காய்கறிக் கடையோ குடை ரிப்பேரோ, சொன்ன விலையில் பாதியைக் கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். பாதிக்குக் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். எங்கேயோ நடுவில் வந்து நிற்கும். "ரெண்டு பேருமே ஜெயிச்சோம்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகணும். அதுக்குப் பேருதான் பேரம்" என்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், "ரெண்டு பல்லா எடுத்தா குறைப்பீங்களா?" என்று கேட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

வேலை ஒரு பெரிய சலவை ஆலையில். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் விரிப்புகளும் தலையணை உறைகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு வாசல் வழியே அழுக்கு உள்ளே வரும். எதிர்வாசல் வழியே வெள்ளை வெளியே போகும். நடுவில் நீராவி, இரைச்சல், சோப்பு வாடை. அந்தத் தளத்துக்கு அவர்தான் மேனேஜர். யார் எந்த இயந்திரம், யாருக்கு இரவு ஷிஃப்ட், யாருக்கு விடுப்பு எல்லாம் அவர் கையில். அவருக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறினால், கண்ணாடி போட்ட அறையில் ஜெனரல் மேனேஜர். தளத்துக்காரர்களுக்கு அவர் மாடிக்காரர்.

அரைவிலை நேராக மேனேஜராக வந்தவரில்லை. உருளையில் நின்று வந்தவர். ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் நீங்கி, தகடு மாதிரி வரும். விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஒரே இழுப்பில் விறைப்பாக்கி, ஒரே சமயத்தில் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு கை கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும், மடிந்து சிக்கும். இடப்பக்க மூலை அரைவிலையுடையதாக இருந்த காலத்தில் வலப்பக்க மூலை உருளையக்காவுடையது. பல வருடம் அப்படி நின்றார்கள். பேசிக்கொள்ளாமலே இரண்டு பேர் கையும் ஒன்றாக எழும், ஒன்றாக இறங்கும். அவருக்குப் பதவி உயர்வு வந்து உருளையை விட்டுப் போனபோது அக்கா சொன்னது: "இனிமே யார் கையைப் பார்த்து நான் கை தூக்கறது? மேனேஜர் ஆனா மூலை மறந்துடுமா அண்ணே?"

உருளையக்கா அவரைவிட இளையவள். அக்கா என்பது தளம் கொடுத்த பட்டம். வீடு ஆலைக்குப் பின்தெருவில். மதிய மணி அடித்ததும் பின்கேட் வழியாக ஓடுவாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாருக்கு ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, மணி முடிவதற்குள் ஓடி வந்துவிடுவாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். மொத்தக் குடும்பமும் அந்தப் பின்கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மேலாளர்கள் எல்லாவற்றையும் யோசித்து, அலசி முடிவெடுக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் மாடி அறையின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாடிக்காரருக்கு வயிறு சரியில்லாவிட்டால் அந்த வாரம் யாருக்கும் விடுப்பு இல்லை. மகள் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பழுதான டிராலிக்கெல்லாம் புதுச் சக்கரம். கீழே இருந்து என்ன கேட்டாலும் அதில் ஒன்றையாவது வெட்டினால்தான் அவருக்குத் தான் வேலை பார்த்த திருப்தி. இதை ஆலையில் எல்லோரையும்விட முதலில் கண்டுபிடித்தவர் அரைவிலைதான். மேலே போகும்போதெல்லாம் வெட்டுவதற்கென்றே ஒன்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார். இரண்டு மின்விசிறி வேண்டுமென்றால் மூன்று. மாடிக்காரர் ஒன்றை வெட்டுவார். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டு இறங்குவார்கள்.

ஆட்கள் விஷயத்தில் வெட்டுவதற்கென்று அவர் வைத்திருந்தது உருளையக்காவின் பெயர்.

அதற்குக் காரணம் இருந்தது. மாடிக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முழுக்கைச் சட்டையோடு உருளைக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கைநீட்டிக் காட்டப்போக, சட்டைக்கை உருளையின் வாயில் மாட்டிக்கொண்டது. தலைக்கு மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை எட்டி இழுத்து இயந்திரத்தை நிறுத்தியவள் உருளையக்கா. சட்டை போயிற்று, கை பிழைத்தது. அன்றிலிருந்து அவருக்கு அவள்மேல் ஒரு பாசம். அவள் பெயர் வரும்போதெல்லாம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொள்வார். எனவே மேலேயிருந்து இரவு ஷிஃப்டுக்கு ஆள் கேட்டபோது அரைவிலை அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னார். "அவங்களா? யோவ், என்ன விளையாடுறியா? அவங்கள விடு" என்றார் மாடிக்காரர். ஓர் ஆள் மிச்சம். கிடங்குக்கு ஆள் கேட்டபோதும் அதே பெயர், அதே வெட்டு. தன் பெயர் மேலே போய்ப் போய் வருவது உருளையக்காவுக்குத் தெரியவே தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை கேட்டது நான்கு பேர். வேறு ஊரில், பஸ்ஸில் அரை நாள் தூரத்தில், நிறுவனம் புது ஆலை திறக்கிறது. அங்கேயே தங்கி வேலை பார்க்க நான்கு அனுபவசாலிகள் வேண்டும். அரைவிலையின் கணக்கு மூன்று. மடிப்பு மேசையிலிருந்து இரண்டு இளைஞர்கள். அவர்களே போகத் துடித்தவர்கள். பாய்லர் பக்கமிருந்து ஒருவர். அவருக்கு மாமியார் வீடு அந்த ஊர்ப் பக்கம். நான்காவதாக, வெட்டுவதற்கு, வழக்கமான பெயர்.

ஆனால் அறையில் வழக்கத்துக்கு மாறாக இன்னொருவரும் இருந்தார். சின்ன முதலாளி, முதலாளியின் மகள். வெளியூரில் நிர்வாகம் படித்து முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். போன வாரம் எல்லோர் முன்னாலும் மாடிக்காரரைப் பார்த்து, "நீங்க ஆளைப் பிடிச்சிருந்தா ஒரு முடிவு, பிடிக்கலன்னா ஒரு முடிவுன்னு எடுக்கறீங்க" என்று சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான். அதுதான் மாடிக்காரரை அதிகம் சுட்டது.

அரைவிலை மூன்று பெயர்களைச் சொன்னார். நான்காவதைச் சொன்னார்.

"அவங்க எதுக்கு?" என்று கேட்டது சின்ன முதலாளி.

பழக்கதோஷம். வெட்டப்போகிற பெயருக்கும் நல்ல காரணம் தயாராக வைத்திருப்பவர் அவர். இல்லாவிட்டால் பேரம் பேரமாகத் தெரியாது. "புது ஆலைல உருளை புதுசு மேடம். விடறவங்க கை பழகாட்டி முதல் மாசமே விரிப்பெல்லாம் நாசமாயிடும். சொல்லிக் குடுக்க அவங்கள மாதிரி ஒரு ஆள் வேணும்" என்றார். சொல்லிவிட்டு மாடிக்காரரின் மணிக்கட்டைப் பார்த்தார்.

மாடிக்காரர் மணிக்கட்டைத் தடவவில்லை. சின்ன முதலாளியைப் பார்த்தார். அவளும் மாடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியான காரணம்" என்றார் மாடிக்காரர், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. "நாலு பேரும் போகட்டும். எனக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு இங்க யாரும் கிடையாது."

அரைவிலையின் வாய் திறந்தது. அதற்குள் பேச்சு சோப்புக் கொள்முதலுக்குப் போய்விட்டது.

கூட்டம் கலைந்து சின்ன முதலாளி இறங்கிப் போனதும் அவர் திரும்ப மாடி ஏறினார்.

"சார், அந்த நாலாவது ஆளு... வேண்டாம் சார். அவங்க வீட்டு நிலைமை சரியில்ல."

"கூட்டத்துல சொல்லும்போது நல்லா இருந்துச்சே நிலைமை?"

"அது வந்து..."

"வெட்டறதுக்குச் சொன்ன பேரு. அதானே?" மாடிக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? ஒவ்வொரு தடவையும் அவங்க பேரைக் கொண்டாந்து வைப்ப. நானும் வெட்டுவேன். எனக்கும் அது பிடிச்சிருந்துச்சுய்யா. அவங்களுக்கு ஏதோ செஞ்ச மாதிரி இருக்கும்."

"அப்ப இன்னைக்கும் வெட்டியிருக்கலாமே சார்!"

"அந்தப் பொண்ணு எதிர்ல உட்கார்ந்திருக்கு. நான் வெட்டினா என்ன நினைக்கும்? பாரு, சொன்ன மாதிரியே பண்றான் மனுஷன்னு நினைக்காதா?" இப்போதுதான் அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "போய் மாத்திட்டேன்னு சொன்னாலும் அதேதான். என்னால முடியாது. நீ ஆரம்பிச்சது, நீ போய்ப் பேசு."

"அவங்களுக்குப் பதிலா வேற யாரையாவது..."

"பாத்தியா, ஆரம்பிச்சுட்ட. இப்ப நான் ஒண்ணு சொல்லணும், நீ ஒண்ணு சொல்லணும். போய்யா."

மறுநாள் சின்ன முதலாளியைத் தேடிப் போனார். சிறுமியாக இருந்தபோது டிராலியில் உட்காரவைத்துத் தளம் முழுக்க இவர் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அந்த உரிமையில் ஒரு நம்பிக்கை. அவளும் எழுந்து நின்று நாற்காலி காட்டினாள்.

"சொல்லுங்க அங்கிள்."

மாமனார் நிலைமையைச் சொன்னார். லாரி, பள்ளிக்கூடம், பின்கேட் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நன்றாகக் கேட்கிறவள்தான்.

"கஷ்டமாதான் இருக்கு. ஆனா அங்கிள், அந்தப் பாய்லர்காரருக்குக் கூட வீட்ல ஏதாவது இருக்கும் இல்லையா? அவர் உங்ககிட்ட வந்து சொல்லல, அவ்வளவுதான். உங்களுக்கு இவங்களத் தெரியும்ங்கறதால இவங்களுக்கு மட்டும் விட்டா, மத்த மூணு பேரு என்ன கேப்பாங்க?"

அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நேத்து நீங்க சொன்ன காரணம், கை பழக்கம், சொல்லிக் குடுக்கறது... அது பொய்யா?"

பொய் என்றால் மற்ற மூன்று பெயர்களுக்குச் சொன்னதும் பொய்யாகிவிடும். இத்தனை வருடம் அந்த அறையில் வைத்த எல்லாமே பொய்யாகிவிடும். உண்மை என்றால் அவள் போக வேண்டும்.

"உண்மைதான்" என்றார். உண்மையும் அதுதான்.

"அப்புறம் என்ன அங்கிள்?"

"அவங்களுக்குப் பதிலா நான் போறேன்மா. எனக்கும் உருளை தெரியும். இடப்பக்கம் நின்னவன்."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பில்லை, பிரியமாகத்தான். "கீழ தளத்துல உங்களுக்கு என்ன பேருன்னு அப்பா சொல்லியிருக்காங்க. பெரிய விலையா சொன்னா நான் இறங்கி வந்துடுவேன்னு பார்க்கறீங்க. தளத்துக்கு நீங்க வேணும், அது உங்களுக்கே தெரியும்."

"இல்லம்மா. நிஜமாவே..."

"நிஜமாவா?" என்று கேட்டாள் இன்னும் சிரித்துக்கொண்டே. மேசைமேல் தொலைபேசி அடித்தது.

வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே விலை சொல்லியிருந்தார். அதைத் தொடக்க விலை என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னார். அவர் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கத்திரிக்கா கடைல பண்றத ஆளுங்க விஷயத்துலயும் பண்ணீங்களா?"

"இத்தன தடவை நடந்துச்சேடி..."

"நடக்கும். கத்திரிக்காய்க்குப் புருஷனா, மாமனாரா? அந்தப் பொண்ணு நம்ம மூத்தவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரில ராத்திரி பூரா எங்கூட உட்கார்ந்திருந்தா. நீங்க ஷிஃப்ட் இருக்குன்னு போயிட்டீங்க."

"அதெல்லாம் மறக்கல."

"மறக்கலன்னா போய்ச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை போர்டுல பேரெல்லாம் ஒட்டினதுக்கு அப்புறம் அவ மூணாவது மனுஷன் சொல்லித் தெரிஞ்சுக்கணுமா? உங்க வாயால சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"பண்ணினதச் சொல்லுங்க. அதுலயும் பாதியச் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை மதிய மணிக்கு முன்னால் அவர் உருளைக்குப் போனார். இடப்பக்கம் நின்றிருந்த பெண்ணைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். ஈர விரிப்பின் மூலையை எடுத்தார்.

உருளையக்காவின் முகம் மலர்ந்தது. "அடடே! என்ன அண்ணே, பதவி இறக்கமா?"

"சும்மாதான்."

"மேனேஜர் சும்மா வருவாரா? ஏதாச்சும் பாதிக்குக் கேட்க வந்திருப்பீங்க."

இரண்டு கைகளும் எழுந்தன, இறங்கின. விரிப்பு நேராக உள்ளே போயிற்று. இன்னொன்று. இன்னொன்று. கை மறக்கவில்லை. அந்த ஓட்டத்திலேயே, இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். புது ஆலை. நான்கு பேர். நீ.

விரிப்பு கோணிக்கொண்டது. உள்ளே இழுபட்டு, சுருண்டு, சிக்கியது. அவள் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். உருளை நின்றது. திடீரென்று வந்த அமைதியில் மடிப்பு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பேர யாரு அண்ணே சொன்னது?"

"நான்தான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். விளையாட்டு என்று நினைத்திருப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எதுக்கு?"

சொன்னார். மனைவி சொன்னபடி, முழுவதையும். வெட்டுவதற்குச் சொன்னது. வெட்டாமல் விட்டது. முன்பு இரவு ஷிஃப்டுக்கு, கிடங்குக்கு.

"அப்ப மாடிக்காரருதான் என்னை ஒவ்வொரு தடவையும் காப்பாத்தியிருக்காரு."

"ஆமா."

"உங்ககிட்டேருந்து."

அவர் சிக்கிய விரிப்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். சூட்டில் விரல் சுட்டது. அவள் தடுக்கவில்லை, தன் பக்க மூலையைத் தானும் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தார்கள். ஓரம் கருகியிருந்தது.

"வேலைய விட்டுட முடியாது அண்ணே. எங்க வீட்டுக்காரரு லாரி இருக்கற மாசம் இருக்கும், இல்லாத மாசம் இருக்காது. பேசிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ரெண்டு பேர்கிட்டயும். நான் போறேன்னுகூடச் சொன்னேன். யாரும் நம்பல."

"எப்படி நம்புவாங்க?" என்றாள். அதில் கோபம்கூட இல்லை.

மதிய மணி அடித்தது. அவள் கேட்டைப் பார்த்தாள். வழக்கமாக மணி ஓய்வதற்குள் அவள் பாதி வழியில் இருப்பாள்.

"எனக்கு ரெண்டு விஷயம் வேணும். அதையாச்சும் வாங்கிக் குடுங்க. வாரத்துல ரெண்டு நாள் சேர்ந்தாப்புல லீவு. அப்பதான் பஸ் பிடிச்சு வந்து மாமாவக் குளிப்பாட்டிட்டுத் திரும்பிப் போக முடியும். மத்த நாளைக்கு நாத்தனார் கைல கால்ல விழுந்து பார்க்கறேன். இன்னொண்ணு, ஒரு வருஷம் ஆனதும் என்னை இங்கயே திருப்பிக் கூப்பிட்டுக்கணும். உங்களுக்குத்தான் பேச வருமே."

சொல்லிவிட்டுப் பின்கேட்டை நோக்கி ஓடினாள்.

அவர் நேராக மாடி ஏறினார். படிக்கட்டில் பாதியில் நின்றார். பழைய புத்தி தன் வேலையைத் தொடங்கியிருந்தது: மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள். தனி அறை கேள். அவர் அதை வெட்டட்டும். தனி அறை கேட்டால் கேட்டதுதான்; யாருக்கும் நஷ்டமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பெயரை வைத்து இன்னொரு தடவை வெட்டுக்கு ஒன்று கொண்டு போவதா? நாக்கு கூசியது. இனிமேல் அந்த வேலை வேண்டாம் என்று முடிவு பண்ணினார். அது நல்ல முடிவாகத்தான் அவருக்குப் பட்டது.

உள்ளே போய் இரண்டை மட்டும் கேட்டார். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு. ஒரு வருடத்தில் திரும்ப அழைப்பு. காரணம்கூடச் சொல்லவில்லை. "இது ரெண்டும் வேணும் சார். இதுல கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

மாடிக்காரர் யோசித்தார். அவருக்கும் மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் பெயருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் அவரும் காத்திருந்தார்.

"லீவு சரி" என்றார். "கண்டிப்பா குடுக்கச் சொல்றேன். நானே அந்த ஊர் மேனேஜருக்குப் போன் பண்றேன். ஆனா திரும்பக் கூப்பிடறதப் பத்தி இப்ப என்னால வாக்குக் குடுக்க முடியாது. நாளைக்கு அந்தப் பொண்ணு கேட்டா நான் என்ன சொல்றது? அது வேண்டாம், விடு."

"சார், அதுதான் சார் முக்கியம்."

"லீவு குடுத்தேன்ல?" மாடிக்காரரின் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு நிம்மதி வந்தது. கையை நீட்டி அரைவிலையின் தோளைத் தட்டினார். "போ. அவங்ககிட்ட சொல்லு, நான்தான் குடுத்தேன்னு."

இறங்கி வந்தபோது உருளையக்கா திரும்பி வந்திருந்தாள். முந்தானையில் கஞ்சிக் கறை. மாமனாருக்கு ஊட்டும்போது சிந்தியிருக்கும். உருளை மறுபடி சூடாகிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்துப் பெண் தன் மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன அண்ணே?"

"லீவு குடுத்துட்டாரு. ரெண்டு நாளும் சேர்ந்தாப்புல."

"திரும்ப வர்றது?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

அவள் ஈர விரிப்பின் மூலையை எடுத்து உதறினாள்.

"எத்தனை கேட்டீங்க?"

"ரெண்டுதாம்மா. நீ சொன்ன ரெண்டு. வேற எதுவும் சேர்க்கல."

உருளையக்கா அவரைப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் அப்படி ஒரு தடவையும் அவரைப் பார்த்ததில்லை.

"மூணாக் கேட்டிருக்கலாமே அண்ணே" என்றாள்.

இடப்பக்கத்துப் பெண்ணின் கை எழுந்தது. அவளும் கை தூக்கினாள்.